ஒற்றை வரி பில்லும் பதினோரு வரி பில்லும்

(கேமிங் கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி நாமே அசெம்பிள் செய்வதா என்பது பற்றி, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தருகிறேன்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேம் விளையாடவும் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை பணத்தைத் தொலைத்திருக்கிறேன், ஒரு முறை உருப்படியாக வாங்கியும் இருக்கிறேன். இரண்டுக்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. அந்தத் தகுதியில்தான் உங்களிடம் பேசுகிறேன்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் மே மாதம் இந்தப் பேச்சு வரும். "எல்லாரும் வச்சிருக்காங்க, எனக்கும் ஒரு கேமிங் பிசி வேணும்." நீங்கள் விசாரிக்கப் போனால் இரண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சி, "ரெடிமேடா வாங்குங்க சார், தலைவலி கிடையாது" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "ரெடிமேட் வாங்கினா ஏமாந்தீங்க, நாமே அசெம்பிள் பண்ணணும்" என்று சொல்லும். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. முழுசும் எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று.

முதல் கம்ப்யூட்டர் 2022 ஜூன் மாதம் வாங்கியது. என் பேரன் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். அவன் பேரில் அவன் பாட்டி மாதம் ஆயிரம் ரூபாய் கட்டி வந்த ஆர்.டி. முதிர்ந்து 39,000 சொச்சம் வந்தது. "அவன் பணம், அவனுக்குப் பிடிச்சதை வாங்கிக் கொடுங்க" என்று அவள் சொன்னாள். நகரில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள். "ஐ7 சார், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ். 40,000 ரூபாய். ஜிஎஸ்டி பில் வேண்டாம்னா 38,000." எஸ்டிமேட் என்று அச்சடித்த சீட்டில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: கேமிங் பிசி, 1, ரூ. 38,000.

கையெழுத்து சரியில்லை என்று எத்தனையோ பேருடைய செக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். விவரம் இல்லாத வவுச்சர் வந்தால், "இது எதுக்கான செலவுன்னு எழுதிட்டு வாங்க" என்று மேனேஜரிடமே சொன்னவன். அந்த நான், ஒற்றை வரிச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, 2,000 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

பத்து மாதம் ஓடியது. அடுத்த ஏப்ரலில் ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, கூடவே மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. கடைக்கு எடுத்துப் போனால், "கரண்ட் பிரச்சனைக்கு வாரண்டி கிடையாது சார். அதுவும் இல்லாம இது எஸ்டிமேட்தானே, பில் எங்கே?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நம் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பையன் பெட்டியைத் திறந்து காட்டியபோதுதான் உள்ளே இருந்தது என்ன என்று தெரிந்தது. ஐ7 என்பது உண்மை. ஆனால் ஐ7-3770. அது 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை. பத்து வயதுப் பழசு. 4 ஜிபி கிராபிக்ஸ் என்பதும் உண்மை. ஆனால் அது ஜிடி 730 என்ற மிகச் சாதாரணமான பழைய கார்டு. கடைக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை பாருங்கள். நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அதைவிட வலித்தது வேறொன்று. "இதுல புது கேம் எதுவும் சரியா ஓடாதே, நீ ஒண்ணும் சொல்லலையா?" என்று ரிப்பேர் பார்த்த பையன் பேரனைக் கேட்டான். அவன் என்னைப் பார்க்காமல், "தாத்தா ஆசையா வாங்கிட்டு வந்தார், எப்படிச் சொல்றது?" என்றான். பத்து மாதம் அந்தப் பிள்ளை எனக்காகச் சும்மா இருந்திருக்கிறான்.

போன வருஷம் மே மாதம் அவன் பிளஸ் டூ முடித்தபோது, என் டெபாசிட் ஒன்று முதிர்ந்தது. 80,000 ரூபாயை அவனுக்கென்று ஒதுக்கினேன். இந்த முறை கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் மூன்று வாரம் உட்கார்ந்து படித்தோம். அப்போது கற்றதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

முதல் கேள்வி, எந்த கேம்? இதைப் பிள்ளையிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வேலரன்ட் போன்ற இலகுவான கேம் மட்டும்தான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி மாதிரி ஒரு ப்ராசசர் போதும். கார்டு வாங்கும் பெரிய செலவை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம். பெரிய பெரிய கேம்கள் வேண்டும் என்றால்தான் தனி கார்டு. அப்படி வாங்கும்போது, மானிட்டர் நீங்கலாகப் பெட்டிக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாக கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். கேமின் படத்தை வரைவது அதுதான். ப்ராசசருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுக் கார்டில் கஞ்சத்தனம் செய்தால் பணம் வீண்.

இரண்டாவது, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்டெல் ப்ராசசரில் ஐ3, ஐ5, ஐ7 என்பது மட்டும் போதாது. கோடு போட்டு அதன் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 கூட அந்த மூன்றாம் தலைமுறை ஐ7-ஐ கேமில் தோற்கடித்துவிடும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். பழைய ப்ராசசருக்குப் புதுப் பெட்டி மாட்டி விற்பதை இன்றும் பார்க்கலாம்.

கிராபிக்ஸ் கார்டிலும் இப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 6 ஜிபி கார்டும் இருக்கிறது. வித்தியாசம் 2 ஜிபி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 6 ஜிபி கார்டின் சிப்பே சக்தி குறைந்தது, மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல். ஆர்டிஎக்ஸ் 3060-லும் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு, அங்கேயும் 8 ஜிபி கார்டு மெதுவானது. விளம்பரத்தில் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். ஒரே இனிஷியலில் இரண்டு கணக்கு இருந்தால் நாங்கள் கணக்கு எண்ணைக் கேட்போம், அது மாதிரி.

மூன்றாவது எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, பாகங்களுக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. ரெடிமேடில் காசை மிச்சம் பிடிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். ஏனென்றால் வாங்குகிறவர் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. இதன் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தால் அதை நம்பாமல், 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பன்னிரண்டால் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான். ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 45 ஆம்பியர் போல இருக்கும், அதாவது 540 வாட். எரிந்துபோன எங்கள் பெட்டியின் லேபிளை மூன்று வருஷம் கழித்துப் பெருக்கிப் பார்த்தேன். அப்போது வந்த கோபம் எல்லாம் என் மேல்தான்.

'80 பிளஸ்' என்ற முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதற்கு. அது திறனுக்கான சான்று, பாதுகாப்புக்கு முழு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் முத்திரையே இல்லாததைவிட அது இருப்பதும், ஐந்து வருஷ வாரண்டி தருகிற கம்பெனியும் மேல்.

நான்காவது ரேம். 16 ஜிபி என்றால் ஒரே துண்டாக இல்லாமல் எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு கேளுங்கள். இரண்டு கவுன்டர் திறந்தால் வரிசை வேகமாக நகர்கிற மாதிரி, இரண்டு வழியாகத் தகவல் போகும். ரெடிமேடில் பெரும்பாலும் ஒற்றைத் துண்டுதான் போட்டிருப்பார்கள்.

இனி எங்கள் பில். ரிச்சி தெருவில் இரண்டு நாள் ஏறி இறங்கி, நான்கு கடையில் விலை எழுதி வாங்கி, போன வருஷம் மே மாதம் ஜிஎஸ்டியோடு கொடுத்தது இது.

ப்ராசசர், ரைசன் 5 5600: ரூ. 9,800
மதர்போர்டு, பி550: ரூ. 9,200
ரேம், 8 + 8 ஜிபி, டிடிஆர்4: ரூ. 3,400
எஸ்எஸ்டி, 1 டிபி: ரூ. 5,300
கிராபிக்ஸ் கார்டு, ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி: ரூ. 20,500
எஸ்எம்பிஎஸ், 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ்: ரூ. 4,000
கேபினட்: ரூ. 3,600
பெட்டிக்கு மட்டும்: ரூ. 55,800

மானிட்டர், 24 அங்குலம்: ரூ. 9,500
யுபிஎஸ், 1100 விஏ: ரூ. 5,200
கீபோர்டு, மவுஸ்: ரூ. 1,450
விண்டோஸ் உரிமம்: ரூ. 8,300
மொத்தம்: ரூ. 80,250

250 ரூபாய் ஓவர்டிராஃப்ட். அதைப் பேரன் தன் பாக்கெட் மணியில் கட்டினான்.

இதே ப்ராசசர், இதே கிராபிக்ஸ் கார்டு போட்ட ரெடிமேட் பெட்டிக்கு ஒரு கடையில் 61,500 சொன்னார்கள். வித்தியாசம் 5,700 ரூபாய்தான். "தானே அசெம்பிள் பண்ணினா பாதி விலை" என்று சொல்வதெல்லாம் நம்ப வேண்டாம். ஆனால் அந்த 61,500-க்குள் என்ன இருந்தது என்று வரி வரியாகக் கேட்டேன். ரேம் ஒற்றைத் துண்டு, எஸ்எஸ்டி பாதி அளவு, மதர்போர்டு ஒரு படி கீழே. எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்றதற்கு, "நல்லதுதான் சார்" என்று மட்டும் பதில் வந்தது. 38,000 ரூபாய்க்கு எனக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த பதில் அது.

இங்கேயும் ஒரு கடையில், "பில் இல்லாம குறைச்சுத் தரேன்" என்றார்கள். 55,800-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 8,500 ரூபாய். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பில்லில் பாகத்தின் பெயரும் சீரியல் நம்பரும் இருந்தால்தான் நாளைக்கு சர்வீஸ் சென்டரில் நிற்க முடியும். முதல் தடவை நான் மிச்சம் பிடித்த 2,000 ரூபாய், மீதி 38,000-ஐயும் கொண்டுபோனது.

அசெம்பிள் செய்ய 800 ரூபாய் கேட்டார்கள். பேரன், "நானே செய்யறேன் தாத்தா" என்று பிடிவாதம் பிடித்தான். சரி என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாயை விரித்து, காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ப்ராசசரின் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். ஒன்று வளைந்தாலும் வம்பு. அழுத்தக் கூடாது, மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் தானாக இறங்கும். நான்கு இடமுள்ள போர்டில் ரேமை இரண்டாவது, நான்காவது இடத்தில் போட வேண்டும். ப்ராசசருக்கு எட்டு ஊசி வயர் தனி, போர்டுக்கு 24 ஊசி வயர் தனி. மாலை நாலு மணிக்கு முடித்து ஸ்விட்சைப் போட்டோம். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினோம், கார்டைக் கழற்றி மாட்டினோம். 55,800 ரூபாய் கண் முன்னால் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலம், முதல் பெட்டியைத் திறந்து காட்டிய அதே பையன் வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஒரு கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். படம் வந்துவிட்டது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தோம். இந்த ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் கேபிளை கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று முடிகிற ப்ராசசர்களுக்கும் இதுவே. எங்களுக்கு இரண்டு நாள் தூக்கம் போனது. உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பையனே இன்னும் இரண்டு விஷயம் சரி செய்தான். பயாஸ் என்ற ஆரம்பப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தால்தான் ரேம் முழு வேகத்தில் ஓடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் மாற்றினால்தான் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 144-ல் ஓடும். இல்லாவிட்டால் 60-லேயே நிற்கும், நீங்கள் கொடுத்த அதிகப் பணம் தூங்கும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எதை வாங்குவது?

அசெம்பிள் செய்வதன் உண்மையான விலை பணம் இல்லை, பொறுப்பு. கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் எது கெட்டது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. ஏழு பாகம் என்றால் ஏழு கம்பெனி, ஏழு சர்வீஸ் சென்டர். கார்டை வாரண்டிக்குக் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது நீண்ட வாரண்டி. ப்ராசசர், போர்டு, கார்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று வருஷம். நாளைக்கு ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பெரிய பிராண்டு ரெடிமேடில் ஒரே போன் நம்பர், ஆள் வீட்டுக்கே வருவார், விண்டோஸ் உரிமம் சேர்ந்தே வரும். ஆனால் வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம்தான். சில பிராண்டுகளில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுக்கென்றே செய்த அளவில் இருக்கும். பின்னால் பெரிய கார்டு போட நினைத்தால் எஸ்எம்பிஎஸ் தாங்காது, வெளியில் வாங்கியதும் பொருந்தாது. வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆகவே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது பொறுமையாக உட்கார்ந்து கோளாறு பார்க்கத் தயாரா? ஒரு வாரம் பத்து நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்க முடியுமா? கைக்கு எட்டுகிற தூரத்தில் சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் அசெம்பிள் செய்யுங்கள். இரண்டுக்கு இல்லை என்றால், தயங்காமல் பிராண்டட் ரெடிமேட் வாங்குங்கள். அதில் கூடக் கொடுக்கிற ஐந்தாறாயிரத்தை ஏமாற்றம் என்று நினைக்க வேண்டாம், இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினையுங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதுதான் சரி.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. நம் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு இதைத்தான் சொல்வேன். பட்டியல் உங்களுடையது, அசெம்பிள் செய்வது கடைக்காரர். எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில் வாங்கி, கூலி கொடுத்து, அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, பாகங்களின் காலி டப்பாக்களோடு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

விலை நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2020, 21-ல் கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு வந்தபோது, தனிக் கார்டின் விலை தாறுமாறாக ஏறி, ரெடிமேடே மலிவாக இருந்த காலம் உண்டு. இப்போது அதே கதை ரேமில் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால், போன வருஷக் கடைசியிலிருந்து விலை ஏறிவிட்டது. நாங்கள் 3,400-க்கு வாங்கிய ரேம் இன்று இரண்டு மடங்குக்கு மேல். எஸ்எஸ்டியும் ஏறியிருக்கிறது. பழைய ஸ்டாக்கில் செய்த ரெடிமேட் இன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். என் பில்லைக் கொண்டுபோய்க் கடையில் காட்டிச் சண்டை போடாதீர்கள், அது மே மாத விலை.

எதை வாங்கினாலும் ஒரு விதி. எந்த வழியில் போனாலும் பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக, கம்பெனி, மாடல், சீரியல் நம்பரோடு இருக்க வேண்டும். ரெடிமேட் விற்பவரும் கேட்டால் எழுதித் தரலாம். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ரெடிமேடா அசெம்பிளா என்ற சண்டையைவிட இது பெரிய விஷயம். வீட்டுக்கு வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ப்ராசசர் பெயர், ரேம் எத்தனை துண்டு, என்ன வேகம், கிராபிக்ஸ் கார்டு எது எல்லாம் தெரியும். பில்லைப் பக்கத்தில் வைத்து டிக் அடியுங்கள். பாஸ் புக் சரிபார்ப்பது போல ஐந்து நிமிஷ வேலை.

பில் இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் சீட்டை நம்பிய எனக்கு அங்கே போகத் தைரியம் வரவில்லை.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளில் மூன்றை இங்கே தருகிறேன்.

யுபிஎஸ் வீட்டில் பழையது இருக்கிறதே, போதாதா என்று பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். எங்கள் கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 300-ஐ நெருங்குகிறது. கரண்ட் போகிற நொடியில் விளிம்பில் நிற்கக் கூடாது. 1000 விஏவுக்கு மேல் வாங்குங்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்றார் ஒரு தம்பி. ஒரிஜினல் பில் இருந்து, வாரண்டி மீதி இருந்து, உங்கள் கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டினால் யோசிக்கலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

மின்கட்டணம் ஏறாதா? 300 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு 55 யூனிட் போல. ஏற்கெனவே 450, 480 யூனிட்டில் இருக்கிற வீடுகள் கவனமாக இருங்கள். 500-ஐத் தாண்டினால் கணக்குப் போடும் படிநிலையே மாறும்.

படிப்பு கெடாதா என்றும் கேட்டார்கள். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. கடை கடையாக ஏறி விலை கேட்டு, கூட்டிக் கழித்து, 250 ரூபாய் அதிகமானதற்குத் தன் பணத்தை எடுத்து வைத்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பேரன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பான். வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் கொடுத்த விலைப் பட்டியலோடு வாருங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துத் தருகிறோம். பதினோரு வரி பில்லின் நகலை, சீரியல் நம்பரை மறைத்து, சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அந்த ஒற்றை வரி எஸ்டிமேட் சீட்டும் அதோடு பின் செய்து இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.